புயல் தப்பினாலும் மழைக்கணக்கு தப்பாது



புயல் வரும் என்று சொன்ன நாளில் வெயில் அடித்தால் லயத்தில் என்ன பேச்சு நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். "எங்கப்பா ஒங்க புயல்?" என்று, வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிய பிள்ளையைப் பிடித்துக் கேலி பண்ணுவார்கள். முதல் நாள் ராத்திரி பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தவர்கள், ஒரு நாள் பேர் வீணாய்ப் போனதே என்று கசந்து திரும்புவார்கள். அடுத்த முறை எச்சரிக்கை வந்தால் பல குடும்பங்கள் அசையாது. தவறிய முன்னறிவிப்பினால் நமக்கு வருகின்ற பெரிய நட்டம் இதுதான்.

இன்று தோட்டத்து இளைஞர்களில் பலர் வானிலையில் ஆர்வம் காட்டுகிறார்கள். செய்மதிப் படங்களையும் காற்று வரைபடங்களையும் தொலைபேசியில் பார்க்கிறார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை வாசிக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நாகமுத்து பிரதீபராஜா தமிழில் எழுதும் குறிப்புகளைப் பகிர்கிறார்கள். இது நல்ல காரியம். கணிப்பு பிழைத்ததற்காக அவர்களைக் கேலி செய்வது நியாயமில்லை. ஆனால் அவர்களும், நாமும், கேட்கின்ற கேள்வியை மாற்ற வேண்டும்.

வங்காள விரிகுடாவில் நமது தீவை ஒட்டி மெதுவாக நகரும் தாழமுக்கத்தின் போக்கைக் கணிப்பது கடினம். ஐரோப்பியக் கணினிக் கணிப்பு ஒன்று சொல்லும், அமெரிக்கக் கணிப்பு வேறொன்று சொல்லும். 2024 நவம்பர் கடைசியில் இதைக் கண்டோம். கிழக்குக் கரையோரமாக ஊர்ந்த தாழமுக்கம் புயலாகும் என்றார்கள். பிறகு ஆகாது என்றார்கள். கடைசியில் 29ஆம் திகதி அது புயலாகி 'ஃபெங்கல்' என்று பெயர் வாங்கியது. மறுநாள் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஆனால் பெயர் வாங்கும் முன்பே, 26ஆம் திகதி, காரைதீவில் மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்று உயிர்களைப் பறித்துவிட்டது. புயலா, இல்லையா என்ற வாதம் முடியும் முன்னே மழை தன் வேலையைச் செய்துவிட்டது.

2020 டிசம்பரில் 'புரெவி' வந்தபோதும் இதே கதைதான். எல்லோரும் காற்றுக்குப் பயந்தார்கள். திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புயல் பின்பு வலுவிழந்தது. யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் தள்ளியது மழை.

மலையில் வாழும் நமக்கு இதில் பாடம் உண்டு. புயலின் மையம் எங்கே கரை கடக்கிறது என்பது கடலோர மக்களுக்கு முதல் கேள்வி. நமது முதல் கேள்வி, நம் மலையில் எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்பதே. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்களை மண் மூடியபோது நாட்டைப் புயல் எதுவும் தாக்கவில்லை. மழைதான் பெய்தது. 2025 நவம்பர் 28இல் கரையேறிய 'டித்வா' நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களை எடுத்தது. அதிலும் கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளில் கொன்றது மண்சரிவு.

மண்சரிவுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 ஆனால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், வெளியேறிவிட வேண்டும். பழைய கணக்கில் ஏறத்தாழ மூன்று, நான்கு, ஆறு அங்குலம். இந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடம் பண்ண வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. அடிமட்டமும் அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமான, தட்டையான அடியுள்ள டின் ஒன்றும் போதும். கூரைத் தண்ணீரோ மரத்துத் தண்ணீரோ விழாத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து, எழுதி, கொட்டிவிட வேண்டும். அடைமழை நாளில் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். இது உத்தியோகபூர்வ எச்சரிக்கைக்கு மாற்று அல்ல, அதற்குத் துணை. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு கண்டாலும், மரம் சாய்ந்தாலும், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலும், எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

வானிலைச் செய்தி பகிரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. திகதியும், யார் சொன்னது என்பதும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள். கணிப்பு மாறினால் மாறியது என்று எழுதுங்கள். பிழைத்தால் அழித்துவிடாமல் பிழைத்தது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரைத்தான் அடுத்த முறை லயம் நம்பும்.

இனி நிர்வாகத்துக்கும் அரசுக்கும். எச்சரிக்கையைக் கேட்டு வெளியேறி, மலை சரியாவிட்டால், அந்தச் செலவை யார் தாங்குவது? இன்றைக்குத் தொழிலாளிதான் தாங்குகிறாள். பேர் இல்லை, சம்பளம் இல்லை. பிள்ளைக்குப் பால்மாவா, உயிரா என்று ஒரு தாயைத் தெரிவு செய்ய வைப்பது கொடுமை. ஆகவே கேட்கிறோம்: வெளியேறும்படி அறிவித்த நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும், புயல் வந்தாலும் வராவிட்டாலும். தோட்டங்களில் கொழுந்துக் கணக்கோடு மழைக்கணக்கும் நெடுங்காலமாக எழுதப்படுகிறது; அது ஆபீஸ் புத்தகத்தில் மட்டும் கிடக்காமல் தினமும் பிரட்டுக்களத்தில் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். எச்சரிக்கைகள் சிங்களத்தில் வரும் அதே நேரத்தில் தமிழிலும் வர வேண்டும். சரிவு அபாயமுள்ள லயங்களை வேறிடத்துக்கு மாற்றும் வேலை தொடங்க வேண்டும். மீரியபெத்த ஆபத்தான இடம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கை பிழைக்கவில்லை. அதைக் கேட்டு நடக்க வேண்டியவர்கள் நடக்கவில்லை.

தலைவர்மாரும் தலைவிமாரும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இவற்றைப் பேசுங்கள். பத்துத் தடவை வெளியேறி ஒன்பது தடவை ஒன்றும் நடக்காவிட்டாலும் அது ஏமாற்றம் இல்லை. பத்தாவது தடவை எல்லோரும் உயிரோடு இருப்போம்.