கேமிங் கம்ப்யூட்டரும் வட்டப்பாறை சத்தியமும்

எங்கள் சித்தி பையனின் கம்ப்யூட்டர் போன மாதம் செத்துப்போனது. வயது எட்டு மாதம்.

மழையில் கரண்ட் போயிருக்கிறது. திரும்பி வந்த நொடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாசனை. “அண்ணா, புகை வந்துடுச்சிண்ணா” என்று போனில் சொன்னவன் அதற்கு மேல் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்த 60,000 ரூபாய் சித்தி மகளிர் குழுவில் எடுத்த கடன். கம்ப்யூட்டர் போய்விட்டது, தவணை இன்னும் பதினாறு மாதம் பாக்கி இருக்கிறது.

“கேம் ஆடுறதுக்கு எதுக்குடா அவ்வளவு காசு?” என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என் கட்சி வேறு. செலவு செய்தது தப்பில்லை, செய்த இடம்தான் தப்பு. கண்ணுக்குத் தெரிகிற பாகத்தில் காசைக் கொட்டிவிட்டு, தெரியாத பாகத்தில் கஞ்சத்தனம் பிடிக்கிறோம்.

அவன் வாங்கிய பட்டியலைப் பாருங்கள். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு. இரண்டும் நல்ல பொருள், குறையே இல்லை. கலர் கலராக விளக்கு எரியும் கேபினெட் 5,000 ரூபாய். ‘7.1 சரவுண்ட்’ ஹெட்செட் 3,500 ரூபாய். இத்தனைக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.? 900 ரூபாய்!

எஸ்.எம்.பி.எஸ். என்பது நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருகிற பெட்டி. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் பக்கம்தான் இழுக்கும். அவனுடைய பெட்டியின் மேல் ‘500 வாட்ஸ்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பாருங்கள், 192 வாட்ஸ். கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் 170, பிராசசருக்கு 65, ஆக 235. காகிதத்திலேயே கணக்கு உதைக்கிறது. நான் பி.காம். படிக்கிறவன், எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரானிக்ஸ் தேவையும் இல்லை, பெருக்கல் வாய்ப்பாடு போதும். இத்தனைக்கும் 3060 கார்டுக்குக் குறைந்தது 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். போடச் சொல்லி என்விடியாவே பரிந்துரைக்கிறது.

திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயில் பக்கம் வந்தவர்களுக்கு வட்டப்பாறை தெரிந்திருக்கும். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப முடியாது என்பது ஊர் நம்பிக்கை. இந்த 500 வாட்ஸ் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களை ஒருமுறை அழைத்து வந்து நிறுத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை :-)

கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. “லைட் எரியுமா?” என்று கேட்கிற பையன்கள்தான் வருகிறார்கள். “12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?” என்று யார் கேட்கிறார்கள்? கேட்காததை அவர் ஏன் விற்கப்போகிறார்? 2025 கடைசியில் மெமரி சிப்புகளை எல்லாம் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை எகிறியது. பட்ஜெட் இடிக்கும்போது நம் ஆட்கள் முதலில் கை வைப்பதும் இந்த எஸ்.எம்.பி.எஸ். மேல்தான்.

அடுத்து ஆடியோ. இதில் ஏமாறுவது இன்னும் சுலபம்.

நமக்கு இருப்பது இரண்டு காது. ‘7.1’ என்று விற்கிற ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்தால் உள்ளே காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான். மீதி எல்லாம் சாஃப்ட்வேர் வித்தை. அந்த வித்தையும் விண்டோஸில் 2017 முதல் இலவசமாகவே இருக்கிறது. வாலரன்ட் கேமுக்குள்ளேயே 2021-ல் அந்த வசதி வந்துவிட்டது. கேம் ஒருமுறை, ஹெட்செட் இன்னொருமுறை என்று இரண்டு தரம் பிசைந்தால், எதிரி எந்தப் பக்கம் நடக்கிறான் என்பதே குழம்பும். அதே விலைக்கு ஒரு நல்ல சாதா ஸ்டீரியோ ஹெட்போன் வாங்குங்கள். ப்ளூடூத் பாட்டு கேட்க ஓகே, ஆடும்போது வேண்டாம். சத்தம் 100 மில்லி செகண்ட் பிந்தி வருவதெல்லாம் அதில் சர்வ சாதாரணம். 60 ஃப்ரேம் ஓடுகிற கேமில் அது ஆறு ஃப்ரேம். காலடிச் சத்தம் காதில் விழும்போது குண்டு பாய்ந்திருக்கும்.

தனி சவுண்ட் கார்டு? 1989-ல் சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனியின் சவுண்ட் பிளாஸ்டர் வந்தபோது அது தேவையாக இருந்தது. இன்று மதர்போர்டிலேயே இருக்கும் ஆடியோ, சாதாரண ஹெட்போனுக்குத் தாராளமாகப் போதும்.

“இல்லண்ணா, ஹெட்போன்ல ஒரே இரைச்சலா இருக்கு, சவுண்ட் கார்டு வாங்கலாம்னு இருந்தேன்” என்றான் தம்பி. முன்பக்க ஜாக்கில் இருந்து கழற்றிப் பின்பக்கம் குத்திப் பார்த்திருந்தால் பாதி போயிருக்கும். மீதிக்குக் காரணம் போன வாரம் அவன் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருந்தது, எர்த் ஒயர் இல்லை! கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கும் என்று சித்தியே சொன்னார். ஆக, சவுண்ட் கார்டு கடைக்குப் போக வேண்டிய காசு எலக்ட்ரீஷியனுக்குப் போயிருக்க வேண்டும். கிராமத்துப் பழைய வீடுகளில் கேமிங் கம்ப்யூட்டரின் முதல் பாகம் எர்த் ஒயர்தான் என்பேன். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது இரண்டாவது. இதற்கு நயா பைசா செலவில்லை.

கடைசியாக என் சப்ஜெக்ட். எஸ்.எம்.பி.எஸ். போகும்போது மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. சரி, கார்டுக்கு வாரண்டி இருக்குமே, பில்லை எடு என்றேன். பில் இல்லை. “பில் வேணாம்னா ஜி.எஸ்.டி. 18 சதவீதம் குறையும்”னு கடையில் சொன்னார்களாம். 10,000 ரூபாய் பொருளுக்கு 1,800 ரூபாய் மிச்சம் என்று இவனும் தலையாட்டியிருக்கிறான். அது மிச்சமே இல்லை, வாரண்டியை நாமே விற்றுவிட்ட விலை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் கேட்கிற வாய் நம்முடையதாக இருக்க வேண்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

விழுப்புரத்தில் ரயில் ஏறினால் எழும்பூர் சுமார் 160 கிலோமீட்டர், ரிச்சி தெரு அங்கிருந்து பக்கம். அங்கே போனாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, பட்டியலைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் எர்த், அடுத்து பெயருள்ள கம்பெனியின் 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்., பிறகு பிராசசர், ரேம், மானிட்டர், ஹெட்போன். காசு பத்தவில்லையா? கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போடுங்கள். ரைசன் 5 5600ஜி மாதிரி பிராசசரில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. 8 ஜிபி ரேம் இரண்டாகப் போட்டால் வாலரன்ட் நன்றாகவே ஓடும். கார்டை அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம். விளக்கு கேபினெட் கடைசி. வராமலே போனாலும் குடி முழுகாது.

தம்பி இப்போது கடன் அடைக்க லீவு நாளில் செல்போன் கடையில் வேலைக்குப் போகிறான். “முதல்ல உன்னைக் கேட்டிருக்கலாம்ண்ணா” என்றான். கேட்டிருந்தாலும் எட்டு மாதத்துக்கு முன்னால் எனக்கும் இது தெரியாது. அவன் பெட்டியின் ஸ்டிக்கரைப் படித்துத்தான் நானே கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்துக்கு ஃபீஸ் கட்டிக்கொண்டிருப்பது சித்தி.

பி.கு: கேபினெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கலர் விளக்குகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன!