தேத்தண்ணிக் கிளாஸும் சைக்கிள் சில்லும்

1946இல், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உரையாற்ற வந்த ஒருவரிடம் ஜோன் கிராவுஸ் கேட்டார்: கம்பிச் சுருளை அன்ரெனாவாகப் பாவிக்கலாமா? தான் செய்து பார்த்ததாகவும் சரிவரவில்லை எண்டும் பதில் வந்தது. கிராவுஸ் வீட்டுக்குப் போய் ஏழு சுற்றுச் சுற்றினார். வேலை செய்தது.

சூட்சுமம் அளவில்தான். ஒரு சுற்றின் சுற்றளவு கிட்டத்தட்ட ஓர் அலைநீளம் இருந்தால், சுருள் தன் முனைப்பக்கமாக, சுழலும் அலையை வீசும். செய்மதி எப்பிடித் திரும்பினாலும் சிக்னல் அறாது.

ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வானிலைச் செய்மதி 137, 1700 மெகாஹேர்ட்ஸ் இரண்டிலும் படம் அனுப்புது. முதலாவதுக்குச் சுருளின் விட்டம் 70 சென்ரிமீற்றர், சைக்கிள் சில்லளவு. மற்றதுக்கு 6 சென்ரிமீற்றர்கூட வராது, தேத்தண்ணிக் கிளாஸ்.

இப்ப எல்லாருக்கும் கைக்குள்ள அடங்கிற, எல்லாப் பட்டையும் எடுக்கிற ஒரே சுருள் வேணும். எனக்கு இதில உடன்பாடில்லை. கிளாஸால சில்லின்ர வேலை செய்யேலாது. ஒன்றுக்குள் ஒன்று வைக்கலாம், ஆனா ஒன்றையொன்று குழப்பும். செரமிக்கில் சுற்றிச் சிறிதாக்கலாம், பட்டை அகலம் ஒடுங்கும். எதை இழக்கத் தயார் எண்டு சொல்லாமல், சிமுலேஷன் படத்தை மட்டும் காட்டுற அறிக்கைகளை நான் நம்பிறேல்லை.

முதல்ல 1700க்கு மட்டும் ஒண்டு சுற்றுங்கோ. பழைய டிஷ்ஷின்ர குவியத்தில வையுங்கோ. டிஷ்ஷில பட்டுத் தெறிச்சா அலையின்ர சுழற்சி மாறும், அதால கம்பியை மறுபக்கமாச் சுற்றோணும். நான் முதல்தரம் பிழைவிட்டது அதிலதான்.