பதிவேட்டில் ஊர் இருக்கிறது, கரை இல்லை

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கேரளத்தோடு நிற்காமல் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. கப்பல் பறக்கவிட்டது லைபீரியக் கொடி. அந்தக் கொடியுள்ள கப்பல்களின் பின்புறத்தில் பெயருக்குக் கீழே சொந்தத் துறைமுகம் மன்ரோவியா என்று எழுதியிருக்கும். அவற்றில் பல அந்த ஊரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. லைபீரியக் கப்பல் பதிவேட்டை நடத்தும் அலுவலகமோ அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது!

கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது. அந்தத் தொடர்பு எது என்று அது விளக்கவில்லை. வரி குறைவு, மாலுமிகளை எந்த நாட்டிலிருந்தும் அமர்த்தலாம் என்ற வசதிகளுக்காக முதலாளிகள் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் என்று போகிறார்கள். இன்று உலகின் மிகப் பெரிய கப்பல் பதிவேடுகள் இந்த மூன்றும்தான்.

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்துப் பொம்மையார்பாளையத்தில் நிலைமை தலைகீழ். இங்கே ஃபைபர் படகின் அணியத்தில் IND-TN என்று தொடங்கும் எண் இருக்கும். இடையில் வரும் MO, இன்ஜின் பொருத்திய படகு என்பதற்கு அடையாளம். இந்தப் படகுக்குத் துறைமுகம் என்று தனியாக எதுவும் கிடையாது. கரையே துறைமுகம். பாடு முடிந்து திரும்பும்போது அலை பார்த்து, இன்ஜினின் நீண்ட தண்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு, ஒரே வீச்சில் மணலில் ஏற வேண்டும். வலை உதறுவதும் மீன் ஏலம் போவதும் அதே மணலில்தான்.

மணலைத்தான் காணோம்.

இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடைக் காலத்தில் சில மாதம் மட்டும் திசை மாறும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. தேங்கும் மணலை வடக்கே அனுப்பும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தும் ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி என்று வடக்கே ஏறி, பொம்மையார்பாளையத்துக்கும் வந்தது. கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கேட்டு மக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியல் செய்தார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஒரு குப்பத்தில் வளைவு கட்டினால் மணலை இழப்பது வடக்கே அடுத்த குப்பம்.

துறைமுகம் புதுச்சேரி அரசுடையது, பறிபோன கரை தமிழ்நாட்டுடையது. புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய சுவர் IND-TN படகுகளின் கரையைத் தின்றிருக்கிறது. இரு அரசுகளின் கோப்புகள் சந்திக்காதவரை இது தீராது.

படகு விஷயத்தில் அரசு காட்டும் கறார் வேறு ரகம். 2008இல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் கடத்தியது போர்பந்தர் படகான குபேரை. அதன்பின் படகுப் பதிவும் மீனவர் அடையாள அட்டையும் நாடெங்கும் கெடுபிடியாயின. மானிய டீசலுக்கும் பதிவு எண் வேண்டும். இவ்வளவு கேட்கும் அரசு, படகு ஏறி இறங்கும் கரையை மட்டும் சொத்தாகக் கருதுவதில்லை. மீன் இறங்கும் ஒவ்வொரு கரைக்கும் அகலம் அளந்து பதிவேடு வைக்க வேண்டும். ஆண்டுதோறும் மறுபடி அளக்க வேண்டும். அகலம் குறைந்தால், மணலை மறித்த துறைமுகம் தன் செலவில் ஈடுகட்ட வேண்டும்.

முடியாத காரியமில்லை. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரி தலைமைச் செயலகத்தின் அருகே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தது. அங்கே மணற்பரப்பு திரும்ப வந்தது. சுற்றுலாப் பயணிகள் உலாவும் கடற்கரைக்குக் கிடைத்த அக்கறை, வலை காயும் கரைக்கும் கிடைக்க வேண்டும்.

மரக்காணத்துக்கு வடக்கே கழுவெளி முகத்துவாரத்தின் இரு கரைகளிலும், அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும், மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. அந்தக் கோப்பில் ஒப்பந்தத் தொகைக்கு முன்னால் எழுதவேண்டியது, அந்தச் சுவர்களுக்கு வடக்கே எந்தெந்தக் குப்பத்து மணல் குறையும், அதை யார் எடுத்துப் போடுவார் என்பது.