ஷாம்பேனும் அரைப்பேரும்

"ஷாம்பேன் என்றால் என்ன, சேர்?" என்று எமது வகுப்பிலே ஒரு மாணவி கேட்டாள். உல்லாசப் பயணிகளுக்காக அச்சிடப்பட்ட துண்டுப் பிரசுரமொன்று அவள் கையில் இருந்தது. நுவரெலியாத் தேயிலையைத் 'தேயிலைகளின் ஷாம்பேன்' என்று அது புகழ்ந்திருந்தது. அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவள். தாய் பறிக்கும் கொழுந்துக்கு உலகம் சூட்டிய பட்டப்பெயர் மகளுக்கு விளங்கவில்லை. ஒரே வரியில் விடை கூறி அவளை அமர்த்தியிருக்கலாம். ஆனால் அது நேர்மையாகாது.

இந்தப் பட்டத்தை வழங்கியவர்கள் வணிகர்கள். அதனை நம்மவர் பலரும் பெருமையோடு திருப்பிச் சொல்கின்றனர். மேடையிலே சொல்கின்றனர், கட்டுரையிலே எழுதுகின்றனர். அப்பெயர் எதைக் குறிக்கிறது, அதன் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பார் இல்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

ஷாம்பேன் என்பது முதலில் ஒரு நிலப்பகுதியின் பெயர். பாரிசுக்குக் கிழக்கே, ரேம்ஸ், எப்பர்னே ஆகிய நகரங்களைச் சூழ்ந்து கிடக்கும் சுண்ணாம்பு நிலம் அது. அங்கே திராட்சையைக் கையாலேயே பறித்தல் வேண்டும், இயந்திரத்துக்கு இடமில்லை. 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லீற்றருக்கு மேல் சாறு எடுக்கலாகாது என்பது விதி. கருந்திராட்சையாயினும், தோலின் நிறம் ஏறாதவாறு மெல்லப் பிழிந்து வெண்சாறே எடுக்கின்றனர். சாறு ஒருமுறை நொதித்து மதுவாகியபின், வெவ்வேறு தோட்டங்களின் மதுவைக் கலந்து, சிறிது சர்க்கரையும் மதுவமும் சேர்த்துப் போத்தலில் அடைக்கின்றனர். இரண்டாவது நொதித்தல் அப்போத்தலுக்குள்ளேயே நிகழ்கிறது. வெளியேற வழியில்லாத வாயு மதுவிலே கரைந்து, வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு அமுக்கத்தை உண்டாக்குகிறது. குமிழிகளின் இரகசியம் இதுவே.

அதன்பின் நிலத்தடிக் குகைகளின் மாறாக் குளிர்ச்சியிலே போத்தல்கள் துயில்கின்றன. சாதாரண வகை பதினைந்து மாதமேனும் முதிர வேண்டும். சிறந்த ஓர் ஆண்டின் அறுவடையை மட்டுமே கொண்டு ஆக்கப்பட்டு, அவ்வாண்டையே தன்மீது பொறித்து வரும் உயர்வகைக்கு மூன்று ஆண்டேனும் செல்லும். மதுவத்தின் மண்டி கழுத்தருகே வந்து சேரும்படி போத்தலைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிக்கின்றனர். பின் கழுத்தை உறையவைத்து, மண்டியை அகற்றி, சற்றே இனிப்புச் சேர்த்து மீண்டும் அடைக்கின்றனர். இத்தனைக்கும் பின்னரே அது சீமான்களின் மேசைக்குப் போகிறது.

நமது தேயிலையோடு இதனை ஒப்பிடுவது முற்றிலும் பொய்யன்று. ஷாம்பேன் திராட்சை குளிர்ப்பிரதேசத்தின் விளிம்பிலே விளைகிறது. நுவரெலியா ஆறாயிரம் அடிக்கும் உயரத்தில் உள்ளது. குளிரிலே கொழுந்து மெல்ல வளர்வதனாலேயே அதன் சாயம் வெளிறியும் மணம் நுண்மையாகவும் அமைகின்றன. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கையால் பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கின்றனர். காற்றுப்பட வைப்பதையும் 'நொதித்தல்' என்றே தொழிற்சாலையில் வழங்குகின்றனர். உண்மையில் அது ஒட்சியேற்றம். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். ஹற்றனில் இருந்து நுவரெலியா வரை மலைச்சரிவுகளில் குனிந்து நிற்கும் பெண்களின் விரல்களே அத்தனையையும் பறிக்கின்றன.

குளிரும் கையுழைப்பும் இரு நாட்டுக்கும் பொது. ஆனால் ஷாம்பேன் என்ற பெயரை மதிப்புள்ளதாக்கியவை இவை மட்டுமா? அல்ல. இங்கேதான் நமது பட்டம் சூட்டிகள் வாயை மூடிக்கொள்கின்றனர்.

டொம் பெரிஞோன் என்ற துறவியே இம்மதுவைக் கண்டுபிடித்தார் என்று விளம்பரங்கள் கூறும். 1715இல் மறைந்த அத்துறவியோ போத்தலிலே குமிழி தோன்றாமற் காக்கவே முயன்றவர். பழைய நாளிலே குகைகளில் போத்தல்கள் வெடித்துச் சிதறும். அங்கே வேலை செய்தவர்கள் முகத்தைக் காக்க இரும்பு முகமூடி அணிந்தனர். துறவியின் பெயர் உலகறியும். முகமூடிக்குள் இருந்த முகத்தை எவர் அறிவர்? இங்கும் அதே கதைதான். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரை நமது மாணவர் அறிவர். அந்த மண்ணைக் கொத்திக் கன்று நட்ட ஒருவரின் பெயரையேனும் சொல்லச் சொல்லுங்கள், வகுப்பு மௌனமாகிவிடும்.

ஆயினும் ஷாம்பேன் விவசாயிகள் மௌனமாக இருக்கவில்லை. பூச்சி வேரைத் தின்றது. 1910இல் விளைச்சலும் பொய்த்தது. அதே வேளையில் வணிகர்கள் வேற்று மாவட்டங்களின் மலிவான திராட்சையைத் தருவித்து, அதில் ஆக்கிய மதுவுக்கும் ஷாம்பேன் என்று பெயரிட்டு விற்றனர். 1911 ஜனவரியில் விவசாயிகள் கொதித்தெழுந்தனர். ஊர்ப்பெயருக்கு இடப்பட்ட எல்லையையே நீக்கும் பேச்சு எழுந்த ஏப்ரலில், ஆயீ என்ற சிற்றூரில் வணிகர்களின் கட்டடங்கள் தீக்கிரையாயின. அரசு படையை அனுப்பியது. இறுதியில் 1927ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலத்தின் எல்லையை வரையறுத்தது. இன்று அந்த எல்லைக்கு வெளியே ஆன எந்த மதுவும் பிரான்சிலே அப்பெயரைச் சூட முடியாது. 1993இல் ஒரு வாசனைத் திரவியத்துக்கு அப்பெயரை இட்டபோது, அதனைக்கூட நீதிமன்றம் தடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் திராட்சைத் தோட்டங்களின் பெரும்பகுதி இன்றும் விவசாயக் குடும்பங்களின் உடைமை. பெயரின் மதிப்பு நிலத்தின் உரிமையிலே வேரூன்றி நிற்கிறது.

இனி மலையகத்துக்கு வருவோம். ஷாம்பேன் போத்தலுக்கு ஊர் உண்டு. பிறந்த ஆண்டு உண்டு. இரண்டுக்கும் சட்டத்தின் காவலும் உண்டு. நமது மக்களுக்கு என்ன இருந்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நோக்கி, "உன் தந்தை இங்கே பிறந்தானா? அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? சான்று காட்டு" என்றது. லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்த பாட்டனுக்குச் சான்று எழுதி வைத்தவர் யார்? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்ரோபரில் இரு பிரதமர்கள் கூடி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என ஒதுக்கினர். தேயிலைப் பெட்டிகளை எண்ணுவது போன்று மனிதரை எண்ணினர். நாடற்ற நிலையைச் சட்டத்தால் முடித்துவைக்க 2003 வரை செல்லவேண்டியிருந்தது. அவர்கள் பறித்த கொழுந்தோ அவ்வளவு காலமும் 'சிலோன்' என்ற பெயருடன் தடையின்றி உலகைச் சுற்றி வந்தது!

நம்மவர் போராடவில்லை என எண்ணற்க. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்திலே பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் இரையானார். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது, நிறைவேறியது 2021இல். உயர்வகை ஷாம்பேன் முதிர மூன்று ஆண்டு போதும். எமது ஆயிரம் ரூபா முதிர ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்குள் விலைவாசி எங்கோ போய்விட்டது.

தோட்டத்திலே ஒருநாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறையளவு கொழுந்து பறித்தால் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுதும் நின்றவள், தராசின் முன்னே அரை மனுஷியாகிறாள். கொழுந்துக்கு முழுப்பட்டம், பறித்தவளுக்கு அரைப்பேர். இதுதானா ஷாம்பேன்? போத்தல் துயிலும் குகையின் வெப்பநிலை கூடாமலும் குறையாமலும் காக்கப்படுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்து அறையிலோ தகரக்கூரை பகலிலே கொதிக்கிறது, இரவிலே பனியைச் சொரிகிறது. அந்த அறை நிற்கும் மண்கூட அதில் வாழ்பவளுக்குச் சொந்தமில்லை.

பிரான்சைச் சொர்க்கமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. அங்கே உரிமை பெற்றவர்கள் நிலமுடைய விவசாயிகள். அறுவடைக்கு வந்து போகும் கூலியாள் அங்கும் இருளிலேயே நிற்கிறான். 2023ஆம் ஆண்டு அறுவடையின்போது ஆபிரிக்கத் தொழிலாளரை இழிந்த நிலையில் அடைத்துவைத்து வேலை வாங்கியவர்களுக்கு, 2025 ஜூலையில் அந்நாட்டு நீதிமன்றமொன்று மனித வணிகக் குற்றத்துக்காகத் தண்டனை விதித்தது. நிலமற்ற கைக்கு எந்த நாட்டிலும் பெயர் இல்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

"இது வெறும் உவமை, சந்தைக்கு உதவும் புகழ்ச்சி. இதிலே அரசியல் எதற்கு?" என்று சிலர் கேட்பர். புகழ்ச்சியால் விலை உயர்கிறதாயின், உயர்ந்த விலை எவர் பைக்குள் போகிறது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. உவமையைக் கடன் வாங்கியவர்கள் அதன் வரலாற்றையும் சேர்த்தே வாங்கட்டும். 1911ஐ விட்டுவிட்டுக் குமிழியை மட்டும் எடுத்துக்கொள்ள விடமாட்டோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நமது கோரிக்கை எளியது. லயத்து மக்களுக்கு வீடும், வீடு நிற்கும் காணிக்கு உறுதியும் வேண்டும். அரைப்பேர் ஒழிந்து, வாழப் போதுமான சம்பளம் வேண்டும். மலையகத்தின் வரலாறு டெய்லரோடு நின்றுவிடாமல், கோவிந்தனையும் கொழுந்துக்கூடை சுமந்தவளையும் பாடநூலில் ஏற்ற வேண்டும். முதலிரண்டையும் போராடிப் பெறவேண்டும். மூன்றாவதை நாளைக் காலையே நமது வகுப்பறையில் தொடங்கலாம்.

அந்த மாணவிக்கு நாம் போத்தலின் கதையையும் 1911இன் கதையையும் சொன்னோம். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் எங்கட அம்மாவுக்குக் காணி கிடைத்த பிறகுதானே சேர் அந்தப் பெயரைச் சொல்லலாம்?" என்றாள்.

ஆம். அதற்குப் பிறகுதான் சொல்லலாம்.