ஒப்பமிட்ட பின் வந்த ஞாபகம்

'மாணவன் பாடநெறி நடத்துவதா?' என முகஞ்சுழிப்போர் எம்மத்தியில் அநேகர். ஆசிரிய கலாசாலையில் பயிலும்போதே வகுப்பெடுத்துத்தானே நாமெல்லாம் ஆசிரியரானோம்!

கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 1981 முதல் 'டீகல்' என்ற பெயரில் இது நடக்கிறது. மாணவர் பாடத்திட்டம் எழுதுவர். பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்பார். துறைத் தலைவர் ஒப்பமிடுவார். இதில் ஒழுங்கீனம் எங்கே?

ஒழுங்கீனம் மேலிருந்துதான் வந்தது. 2016இல் பலஸ்தீனம் பற்றி மாணவரொருவர் நடத்திய பாடநெறியை எதிர்த்து வெளி அமைப்புகள் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதின. வகுப்புகள் தொடங்கியிருந்த நிலையில், செப்டெம்பரில், நடைமுறை பிசகியதாகக் கூறி அதை இடைநிறுத்தினார்கள். கண்டனம் வலுக்கவே ஒரு வாரத்துக்குள் மீள அனுமதித்தார்கள். கேட்கவேண்டியதை ஒப்பமிடுமுன் கேட்பதல்லவா முறை? கடிதம் வந்த பிறகுதானா நடைமுறை ஞாபகம் வரவேண்டும்?