கிர்க்கூக் யாருக்கு?

இராக் தேசத்துக் கிர்க்கூக் நகருக்கு அருகே 1927-ம் வருஷம் எண்ணெய் பீறிட்டது. அது மட்டும் இல்லாதிருந்தால் அந்த ஊரை யார் ஏறிட்டுப் பார்த்திருப்பார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

சதாம் ஹுஸேன் சர்க்கார் குர்துகளையும் துருக்மானியரையும் அங்கிருந்து விரட்டி, தெற்கேயிருந்து அராபியக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. வந்தவர்களுக்குப் பணமும் மனையும் இனாம்! 2003-ல் யுத்தம் மூண்டு அந்த ஆட்சி கவிழ்ந்ததும் குர்துகள் திரும்பினார்கள். அராபியர் பலர் மூட்டை கட்டினார்கள்.

துரத்தப்பட்டவனுக்குத் தன் வீட்டின் மேல் பாத்தியதை உண்டு. அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால், அதே வீட்டில் பிறந்து வளர்ந்த அராபியச் சிறுவன் எதைத் தன் ஊர் என்பான்? இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2005-ம் வருஷத்து அரசியல் சட்டம் 140-வது ஷரத்தை வகுத்தது: முதலில் ஜனத்தொகைக் கணக்கு, பிறகு 2007 முடிவதற்குள் வாக்கெடுப்பு. கெடு கடந்தது, வாக்கெடுப்பு நடக்கவில்லை.

2014 ஜூனில் ஐஸிஸ் கூட்டத்தாருக்கு முன் இராக் சேனை கலைந்தோட, குர்துகளின் பெஷ்மெர்கா வீரர்கள் நகரைக் கைக்கொண்டார்கள். 2017 அக்டோபர் 16-ந் தேதி பாக்தாத் சேனை திரும்பி வந்தது. இம்முறை மூட்டை முடிச்சுகளுடன் வடக்கு நோக்கிச் சென்றவர்கள் ஆயிரக்கணக்கான குர்துகள்.