அணி கட்டும் கணக்கு

ஆட்டங்கள் நடக்காத மாதங்களில்தான் ஒரு காற்பந்துக் குழுவின் அடுத்த ஆண்டு முடிவாகிறது. பருவம் முடிந்ததும் யார் தங்குவது, யாரை விடுவிப்பது, எந்த இடத்திற்கு ஆள் தேடுவது, எவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று நிர்வாகத்தினர் கூடிப் பேசுவர். அப்போது ஈப்போவின் சாப்பாட்டுக் கடைகளில் இரசிகர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த முறை யாரை எடுக்கிறார்கள்?" கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. பேராக் காற்பந்தின் அண்மைய வரலாற்றைப் பார்த்தால், முதலில் கேட்டிருக்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியையே.

பேராக் சாதாரணக் குழு அன்று. 1926ஆம் ஆண்டில் மலாயாக் கிண்ணத்தை முதன்முதலில் வென்ற மாநிலம் அது. அக்கிண்ணம் மலேசியக் கிண்ணமாகப் பெயர் மாறிய பிறகும் வெற்றிகள் தொடர்ந்தன. 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் பட்டம் ஈப்போவுக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரெங்கானுவுடன் 3-3 என்று சமநிலை கண்டு, பெனால்டி உதைகளில் வென்றபோது, அது பேராக்கின் எட்டாவது கிண்ணம். மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2021இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி விழுந்தது. பன்னிரண்டு குழுக்கள் கொண்ட சூப்பர் லீக்கில் பதினோராம் இடத்தில் முடித்த பேராக், கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. குழு தனியார் கைக்கு மாறியது. லீக் அமைப்பு மாற்றப்பட்டதால் 2023இல் மேல்பிரிவுக்குத் திரும்பினாலும், 2025/26 பருவம் தொடங்கும் முன்பே பேராக் எஃப்சி சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

இதைப் பேராக்கின் துரதிர்ஷ்டம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய குழுக்களுக்கு 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடுவதற்கான உரிமம் கிடைக்கவில்லை. பெயர்கள் வெவ்வேறு, நோய் ஏறக்குறைய ஒன்றே. வரவு எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாமலேயே செலவுக்குக் கையொப்பமிடுவதுதான் அந்த நோய்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குழுவின் மாதச் சம்பளத்திற்கு 300,000 ரிங்கிட் இருப்பதாகவும், குழுவில் 25 பேர் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், தலைக்குச் சராசரியாக 12,000 ரிங்கிட் வரும். மாதம் 50,000 ரிங்கிட் கேட்கும் தாக்குதல் ஆட்டக்காரர் இருவரை எடுத்தால், மீதி 23 பேருக்கு 200,000 ரிங்கிட். ஒருவருக்கு ஏறத்தாழ 8,700. அப்படிப்பட்டவர் நால்வரை எடுத்தாலோ, 21 பேருக்கு 100,000 ரிங்கிட்டே எஞ்சும். ஒருவருக்கு 4,800 கூட வராது. இது வரவு ஒழுங்காக வரும் மாதத்தின் கணக்கு. விளம்பரதாரர் ஒருவர் விலகினால், அல்லது மழையால் அரங்கில் கூட்டம் குறைந்தால், குறையும் பணம் யாருடைய பையிலிருந்து போகும்?

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நுழைவுச்சீட்டுப் பணம் ஆட்டம் நடக்கும் மாதங்களில்தான் வரும். ஒப்பந்தச் சம்பளமோ ஆட்டம் இல்லாத மாதங்களிலும் கொடுக்கப்பட வேண்டும். அதோடு, நல்ல ஆண்டில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எழுதிய ஒப்பந்தம், குழு கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய பிறகும் அதே தொகையைக் கேட்கும். கீழிறங்கினால் சம்பளம் இவ்வளவு குறையும் என்று முன்பே எழுதிக்கொள்ளாத நிர்வாகம், மழைக்காலத்தை நினைக்காமல் கூரை போட்ட வீட்டுக்காரரைப் போன்றது.

சம்பளம் தாமதமாவது என்றால் என்னவென்று பேராக்கின் பழைய தோட்டக் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கத்து இரப்பர்த் தோட்டங்களில் மழை பெய்த காலையில் மரம் வெட்ட முடியாது. அன்றைய வருமானம் குறைந்தால், கடைக்காரரின் 555 புத்தகத்தில் கடன் வரிகள் கூடும். அதே தோட்டங்களின் திடல்களில்தான் மாலை நேரத்தில் வெறுங்காலோடு பந்து உதைத்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். இன்று அத்தோட்டங்களில் பல செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. திடல்களும் சில காணாமல் போயின. ஆனால் கடன் புத்தகத்தின் நினைவு இன்னும் போகவில்லை.

மலேசிய வேலைச் சட்டம், சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறது. ஃபிஃபா விதியும் இதில் கண்டிப்பானது. இரண்டு மாதச் சம்பளம் தரப்படாவிட்டால், பாக்கியைக் கட்டுமாறு குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து எழுதிக் கேட்ட பிறகு, ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். பாக்கி வைத்த குழுவுக்குப் புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்யத் தடையும் விதிக்கப்படலாம். ஆக, கடன் வாங்கி எடுத்த நட்சத்திரம் போவதோடு, அடுத்தவரை எடுக்கும் கதவும் சாத்தப்படும். புகழ்பெற்றவர் வேறு குழுவுக்குப் போய்விடுவார். இரண்டாம் நிலைக் கோல் காவலர் எங்கே போவார்?

நட்சத்திரம் இல்லாவிட்டால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் பணம் வராது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதைப் புறக்கணிக்க முடியாது. ஜோகூர் டாருல் தாக்சிம் 2014 முதல் 2024/25 வரை சூப்பர் லீக் பட்டத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. அதன் பணபலத்தோடு மற்றவர் எப்படிப் போட்டியிடுவது என்று இரசிகர் கேட்பதும் நியாயமே. ஆனால், பணபலம் உள்ளவரின் செலவைப் பணபலம் இல்லாதவர் பின்பற்றினால் இடைவெளி குறையாது, கடன்தான் கூடும்.

உலகின் சில லீக்குகள் இதற்கு உச்சவரம்பை வைத்திருக்கின்றன. அமெரிக்கக் காற்பந்து லீக்கான என்எஃப்எல், 1994 முதல் ஒவ்வொரு குழுவின் மொத்தச் சம்பளத்திற்கும் வரம்பு வகுத்துள்ளது. மாணவர் பலர் பார்க்கும் ஐபிஎல் கிரிக்கெட் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 2025 பருவத்திற்கு ஒவ்வொரு குழுவுக்கும் 120 கோடி ரூபாயே அனுமதி. சென்னை சூப்பர் கிங்ஸ் ஐந்து பேரைத் தக்கவைத்தபோது 65 கோடி செலவானது. அந்த ஐவரில் ஒருவரான தோனிக்கு 4 கோடிதான். மீதி 55 கோடியில் மற்ற இடங்களை நிரப்ப வேண்டியிருந்தது. அவ்வாண்டு சென்னை கடைசி இடத்தில் முடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வரம்பு வெற்றியைத் தராது. செலவை அளவுக்குள் வைக்கும்.

பேராக்கில் மீண்டும் ஒரு வலுவான குழுவைக் கட்ட நினைப்பவர்கள், லீக் வரம்பு விதிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. உறுதியாக வரும் பணத்தை மட்டும் எழுதி, அதில் ஒரு பகுதியை அவசரத்திற்கு ஒதுக்கி, மீதியைச் சம்பளமாகப் பங்கிடலாம். பெரிய தொகையை எங்கே போடுவது என்பதிலும் தெளிவு வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர் என்றதும் கோல் அடிப்பவரையே தேடுவது வழக்கமாகிவிட்டது. அதனால் உள்ளூர் இளைஞர், கோல் அடிக்கும் இடத்தில் ஆடவே வாய்ப்பின்றி ஓரத்தில் நிற்கிறார். தற்காப்பின் மையத்தில் அனுபவமுள்ள ஒருவர், நடுக்களத்தில் ஆட்டத்தை நிதானமாக நடத்தும் ஒருவர் என்று இருவருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, முன்வரிசையை ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான் இளைஞரிடம் ஒப்படைக்கலாம். முதல் பருவத்தில் தோல்விகள் வரும். இரசிகர்கள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பைத் தாங்கும் பொறுமை நிர்வாகத்திற்கு வேண்டும். சம்பளம் குறித்த நாளில் வந்தால், அதைத் தாங்கும் பொறுமை ஆட்டக்காரர்களிடமும் இருக்கும்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிட வரும் பதினெட்டு வயது இளைஞருக்கும், அவரோடு வரும் பெற்றோருக்கும் ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு: பன்னிரண்டு மாதச் சம்பளத்திற்கான பணம் இப்போதே இருக்கிறதா?